குதிரைக்கு நாடி பார்த்தவன்

ஐம்பது மைல் குதிரை ஓட்டத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலை நாடி பார்ப்பது. சம்பளம் கிடையாது, மத்தியானம் ஒரு சாண்ட்விச் உண்டு. லிவர்மோருக்குத் தெற்கே மலை மேல், இருபத்தெட்டாவது மைலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நிற்பேன். வந்து நிற்கும் குதிரையின் துடிப்பு அரை மணிக்குள் அறுபத்திநாலுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் அட்டையில் எழுதி அனுப்புவேன். இல்லாவிட்டால் அதோடு சரி, டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்கு.

குதிரைகளோடு எனக்குத் தகராறே வந்ததில்லை. மேலே உட்கார்ந்து வருகிறவர்கள்தான். "உனக்கு எண்ணத் தெரியுமா?" என்று அன்று ஒருவன் கேட்டான். மெட்ராஸ் வெடர்னரி காலேஜில் படித்து, ஏழு வருடம் கால்நடைத் துறையில் டாக்டராக இருந்தவன் நான். தெரியும் என்று மட்டும் சொன்னேன். முன்பெல்லாம் சுள்ளென்று கோபம் வரும். அமெரிக்கா வந்த ஐந்து வருடத்தில் அதுவும் மரத்துவிட்டது.

என் பட்டம் இங்கே செல்லாது. பரீட்சைகளை முடித்துவிட்டேன். யாராவது ஒரு டாக்டரிடம் ஒரு வருடம் பயிற்சி செய்தால் லைசென்ஸ். இடம் கேட்டு முப்பத்தொரு பேருக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு மருந்துக் கம்பெனியில் எலிக்கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் வீக்எண்ட்ல கோயில் கட்டற எடத்துல வாலண்டியர் பண்றா. நீங்க மட்டும் குதிரை பின்னாடி போறேள்" என்று காலையில் என் மனைவி ஜலஜா அலுத்துக்கொண்டாள்.

"குதிரை டாக்டர்லாம் ரைடு பண்ண வருவா. மூஞ்சி தெரிஞ்சா நல்லதுதானே?" என்றேன்.

பதினொன்றரைக்கு ஒருத்தி வந்தேவிட்டாள். கேரன். ட்ரேஸியில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருப்பவள். அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தி. அவளுடைய சாம்பல் நிறப் பெண்குதிரைக்கு மூன்று தடவை எண்ணினேன். இருபத்தெட்டு நிமிடம் கழிந்தும் எழுபத்திரண்டிலேயே நின்றது.

"நீ மகாதேவன்தானே? உன் கடிதம் என் மேஜையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை வாயேன், பேசலாம்" என்றாள். அதே மூச்சில், "நாடி எவ்வளவு?" என்றாள்.

ஊரில் எங்கள் துறையில் எந்த அதிகாரியும் இன்னதைச் செய் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். வேறெதையோ பேசுவார். நாம்தான் குறிப்பறிந்து நடக்க வேண்டும். அப்படித்தான் ஏழு வருடம் குப்பை கொட்டினேன். இங்கேயும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

"அறுபத்திநாலு" என்று சொல்லி, அட்டையிலும் எழுதிக் கொடுத்தேன்.

ஒன்றரை மணிக்கு வாக்கி-டாக்கியில் செய்தி வந்தது. முப்பத்தேழாவது மைலில் கேரனின் குதிரை விழுந்துவிட்டது.

ஜீப்பில் போனேன். குதிரை பக்கவாட்டில் கிடந்தது. ஈறு செங்கல் நிறமாகியிருந்தது. கேரன் ஊசி குத்தி, டிரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். சாயங்காலம் வரை தாங்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அழுகை வர வேண்டும், பயமாவது வர வேண்டும். எனக்கு எதுவுமே வரவில்லை. கை மட்டும் வலித்தது.

குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கேரன் சொன்னாள்: "வழியிலேயே இவள் சரியில்லை என்று தோன்றியது. நானே ஒரு தடவை எண்ணியிருக்க வேண்டும். நீயும் டாக்டர், நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். உன் மேல் தப்பில்லை. திங்கட்கிழமை அவசியம் வா."

இந்த நாட்டில் என்னை டாக்டர் என்று சொன்ன முதல் ஆள் அவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இடம் எனக்குத்தான்.

"எழுபத்திரண்டு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"நான் எண்ணியது எழுபத்திரண்டு. நீங்கள் போக விரும்புகிறீர்கள் என்று நினைத்து மாற்றிச் சொன்னேன்."

"நான் எவ்வளவு என்றுதானே கேட்டேன்?" என்றாள்.

குதிரையின் தலையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு எழுந்து வந்தாள். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி ஜீப் ஓட்டி வந்தவனிடம் கொடுத்தாள்.