முப்பத்திரண்டாவது ஆள்

காலையில் நாசரேத்தில் பஸ் ஏறும்போதே கணக்கு இடித்தது. யுஸ்தின் சாமியார் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணிக்கொண்டே கடைசி சீட்டுவரை போனார். ருமேனியாவிலிருந்து கிளம்பியது அவரையும் சேர்த்து முப்பத்தொரு பேர். முப்பத்திரண்டு வந்தது.

"சாமி தன்னையே ரெண்டு தடவ எண்ணிட்டாரு," என்றாள் முன்சீட்டு ரஃபிலா. "வயித்தப் பார்த்தா தப்பு சொல்ல முடியாது."

பஸ்ஸே சிரித்தது. அவளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்த வெத்தூரியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் கைப்பையிலிருந்த இரண்டு தாள்களில் இருந்தது.

ருமேனியாக்காரர்கள் யாத்திரை கிளம்பினால் மேலே சிலுவை வரைந்த இரண்டு தாள் இல்லாமல் போக மாட்டார்கள். ஒன்றில் உயிரோடு இருப்பவர்களின் பெயர், மற்றதில் இறந்தவர்களின் பெயர். யோர்தான் கரையில் சாமியார் இரண்டையும் வாசித்து ஜெபிப்பார். பெயர் வாசிக்கப்படாத செத்தவர்கள் பசியோடு அலைவார்கள் என்று நம்பிக்கை. உயிரோடிருப்பவரை இறந்தவர் தாளில் எழுதினாலோ, நம் கையாலேயே குழி வெட்டிய மாதிரி.

வெத்தூரியாவின் மகன் தோரின் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போய்ப் பதினான்கு வருடம். ஒரு குருத்தோலை ஞாயிறன்று போனில் பேசினான், அதோடு சரி. தேடாத இடமில்லை. புருஷன் சாகக் கிடந்தபோதுகூட, "அவனச் செத்தவங்க தாள்ல எழுதுடி, பட்டினி கிடக்கான்" என்றார். பெற்றவளுக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தாள். வீம்புக்காரி. இன்றுவரை தோரின் உயிரோடிருப்பவர் தாளில்தான் முதல் பெயர்.

கானாவூரிலும் முப்பத்திரண்டு. இந்தத் தடவை டிரைவர் எண்ணினான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மதியம் கப்பர்நாகூமில் ஏரியைப் பார்த்தபடி ரொட்டியும் பீன்ஸ் மசியலும் தின்றுவிட்டு ஏறினார்கள். ரஃபிலா மூக்கை உறிஞ்சினாள்.

"யாரு ஸ்ட்ராபெரி வச்சிருக்கீங்க? அக்டோபர்ல எங்க கிடைச்சுது? ஒண்ணு குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

யாரிடமும் இல்லை. வெத்தூரியா திரும்பிப் பார்த்தாள். பக்கத்துச் சீட்டில் அவள் வைத்திருந்த கைப்பை சரிந்து தரையில் கிடந்தது. சீட்டின் மெத்தை, ஆள் உட்கார்ந்தாற்போல் அழுந்தியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் அழுந்தியது.  அவளுக்குப் பயத்தைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியாடா?" என்று வாய்க்குள்ளேயே கேட்டாள்.

 ஸ்ட்ராபெரி வாசனை கூடியது. பதினான்கு வருடமாக எவன் உயிரைப் பிடித்து வைப்பதாக நினைத்தாளோ, அவனைப் பட்டினி போட்டது தான்தான் என்று அப்போதுதான் புரிந்தது. தோரின் பெயரை ஒரு தாளில் அடித்தாள். மற்றதில், அப்பன் பெயருக்குக் கீழே எழுதினாள். குலுங்குகிற பஸ்ஸில் எழுத்து கோணியது.

யோர்தான் கரையில் சாமியார் இறந்தவர்களை வாசித்துக்கொண்டே வந்தார். அவள் தாளில் நின்றார்.

"வெத்தூரியாம்மா, இந்தப் பேரு... தாள் மாறிப்போச்சா?"

"மாறல சாமி. படிங்க."

"நல்லா யோசிச்சியா?"

"புள்ள பசியோட நிக்கிறான். படிங்க சாமி."

அவர் படித்தார். இறந்தவர்களுக்காக அவித்துக் கொண்டுவந்த இனிப்புக் கோதுமையில் ஒரு கை அள்ளி அவள் மணல்மேல் வைத்தாள். பிறகு மற்றவர்களோடு வெள்ளை அங்கியோடு ஆற்றில் மூன்றுதரம் முங்கி எழுந்தாள். திரும்பி வந்தபோது கோதுமை இல்லை. குருவி தின்றிருக்கலாம்.

பஸ்ஸில் சாமியார் எண்ணினார். "முப்பத்தொண்ணு!" என்று சத்தமாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். ரஃபிலா, "ஆண்டவனுக்குத் தோத்திரம், இப்பதான் மூச்சே வருது," என்றாள்.

வெத்தூரியா ஈரத் தலையோடு எழுந்து நின்றாள்.

"இன்னொரு தடவ எண்ணுங்க சாமி."

"சரியாத்தாம்மா இருக்கு."

"எனக்காக. ஒரே ஒரு தடவ."

அவர் முதலிலிருந்து ஒவ்வொரு தோளாகத் தொட்டு வந்தார். அவள் தோளைத் தொட்டார். பக்கத்துச் சீட்டின் மெத்தை அழுந்தாமல் புடைத்து நின்றது. அதைத் தாண்டிப் போனார்.

முப்பத்தொன்றுதான்.

பஸ் கிளம்பியது. பையை அந்தச் சீட்டில் வைக்க மனமில்லாமல் அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.