டெரனூக் பதிவேட்டில் ஒரு வரி

லொரெயின் பொய் சொல்லியிருக்கிறாள் என்பதில் வரதராஜாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று அவள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம். ‘நீதிமன்றத்தில் எப்போதாவது உம்மீது குற்றம் நிரூபிக்கப்பட்டதா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று அழுத்தி எழுதியிருந்தாள். மற்றது பொலிஸ் பதிவுப் பிரிவிலிருந்து காலைத் தபாலில் வந்த கடிதம். ‘டெரனூக் நீதிமன்றம். ஒரு வழக்கு, நிரூபணமானது. அரச காவலில் வைக்க உத்தரவு. விடுவிக்கப்பட்டது 1964.’ அவ்வளவுதான். என்ன குற்றம் என்று இல்லை. எந்த ஆண்டு வழக்கு என்றும் இல்லை.

அது 1976. மெல்பேர்ன் மருத்துவமனை ஒன்றின் ஊழியர் பிரிவில் வரதராஜா வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகியிருந்தது. லொரெயின் அங்கே சலவைக்கூடத்தில் இருந்தாள். வயது முப்பது. குழந்தைகள் வார்டில் உதவியாளர் இடம் காலியானபோது விண்ணப்பித்திருந்தாள். 1964இல் விடுதலை என்றால் அப்போது அவளுக்குப் பதினெட்டு. அந்த வயதுவரை அடைத்து வைக்கும்படி ஒரு பெண்பிள்ளை என்னதான் செய்திருப்பாள்? இவளைப் போய் குழந்தைகள் வார்டிலா விடுவது?

கூப்பிட்டு விசாரித்தான். அவள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

“இது நானில்லை. நான் ஒருநாளும் கோர்ட் வாசல் மிதித்ததில்லை.”

“பெயர் உங்களுடையது. பிறந்த திகதியும் உங்களுடையது.”

“நான் அநாதை விடுதியில் வளர்ந்தவள். பதினெட்டு வயதில் ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். அதை எப்படி விடுதலை என்று எழுதுவார்கள்?”

சிறையில் இருந்ததை அநாதை விடுதி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வாள் என்று வரதராஜா நினைத்துக்கொண்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்கள் என்னை நம்பவில்லை,” என்றாள். அவன் இரண்டு தாளையும் கோப்பில் வைத்து மூடினான்.

பொய்த் தகவல் கொடுத்ததற்காக அவளைச் சலவைக்கூடத்திலிருந்தும் நிறுத்திவிடும்படி தலைமைத் தாதியான மேட்ரன் சொன்னாள். வரதராஜா உடனே வேலைநீக்கக் கடிதத்தைத் தட்டச்சில் அடித்திருக்கலாம். அடிக்காததற்குக் காரணம் இரக்கமல்ல. இரண்டு வருடத்துக்கு முன் லொரெயினைச் சலவைக்கூடத்துக்கு எடுத்தபோது குற்றப்பதிவு பார்க்கப் பொலிஸுக்குப் பெயர் அனுப்ப வேண்டியவன் அவன்தான். வேலை நெரிசலில் அனுப்பாமலே கையெழுத்துப் போட்டிருந்தான். விஷயம் பெரிதானால் அந்தக் கையெழுத்து வெளியே வரும். டெரனூக் நீதிமன்றத்தைத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தான். பதிவேட்டைத் தொலைபேசியில் வாசிப்பதில்லை, நேரில் வரலாம், எழுதிக் கேட்டால் ஆறு வாரம் என்றார்கள்.

“உங்களுக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை?” என்றாள் அவன் மனைவி கமலினி, கிளென் வேவர்லி வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்தபடி. “மேட்ரன் சொன்ன மாதிரிக் கடிதத்தை அடிச்சுக் குடுத்திட்டு விடுங்கோவன்.”

“விட்டால், முதல் ஆர் விசாரிக்காமல் எடுத்தது எண்டு கேப்பினம். என்ரை கையெழுத்தல்லே கிடக்கு. கறுப்பன் பிழை விட்டால் ஆரும் மறக்க மாட்டினம்.”

“அப்ப போய்ப் பாருங்கோ. நானும் வாறன். எனக்கு வெள்ளிக்கிழமை லீவு.”

போவதைக் கேள்விப்பட்டதும் லொரெயின் அலுவலக வாசலில் வந்து நின்றாள். “நானும் வருவேன். நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எதையும் சொல்லலாம்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூவரும் பழைய ஹோல்டன் காரில் கிளம்பினார்கள். நான்கு மணி நேர ஓட்டம். பலராட் தாண்டும்வரை லொரெயின் பின் இருக்கையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். வரதராஜா கண்ணாடியில் அவளை அடிக்கடி பார்த்தான்.

“முகத்தைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லை,” என்று கமலினி தமிழில் மெல்லச் சொன்னாள்.

“முகத்திலை எழுதி ஒட்டியே கிடக்கும்? பதினெட்டு வயசு வரைக்கும் லொரெயினை உள்ளுக்கு வைச்சிருந்திருக்கினம். சின்ன விசயமே?”

“என்னைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்?” என்றாள் பின்னாலிருந்து லொரெயின்.

கமலினி திரும்பிப் புன்னகைத்தாள். “இல்லை, மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி.”

“என் பெயர் வந்தது.”

அதற்குப் பிறகு காருக்குள் எந்த மொழியிலும் பேச்சில்லை.

டெரனூக் ஒரே ஒரு பெரிய தெருவும் அதன் முடிவில் கோதுமைக் களஞ்சியமும் உள்ள ஊர். சிவப்புச் செங்கல் நீதிமன்றத்தில் ஹார்லன் என்ற வயதான எழுத்தர் மட்டும் இருந்தார். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கறுத்த மனிதன், சேலை கட்டிய பெண், கைப்பையை அணைத்துக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரி ஆகிய மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பதிவேடு யாருக்கு வேண்டும்?”

வரதராஜா மருத்துவமனைக் கடிதத்தை நீட்டினான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு மெல்பேர்ன் மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்தார். “ஆமாம், கறுப்பு. ஆமாம், அப்படித்தான் சொல்கிறார்,” என்று அவர் சொல்வது கேட்டது. வரதராஜா சுவரிலிருந்த மழைக் கணக்குப் பலகையை வாசிப்பதுபோல நின்றான். லொரெயின் அன்று முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

ஹார்லன் திருப்தியடைந்து வந்து பதிவேடுகளை எடுத்துப்போட்டார். “1964 விடுதலையா? அப்படியானால் அறுபத்திரண்டு, அறுபத்துமூன்றில் இருக்க வேண்டும்.”

இருக்கவில்லை. அறுபத்தொன்றிலும் இல்லை. எழுத்தர் பின்னோக்கிப் போனார். ஒவ்வொரு ஆண்டும் அட்டவணையில் விரலை ஓட்டிவிட்டு மூடினார். பதினாறு வயதில் இல்லை. பதினான்கில் இல்லை. இவ்வளவு சின்ன வயதிலேயா என்று வரதராஜாவுக்கு முதலில் அருவருப்பாக இருந்தது. 1956ஐ மூடியபோது அவன் மனதுக்குள் கணக்குப் பார்த்தான். பத்து வயது. அவனுடைய மகளுக்கு இப்போது எட்டு. 1953ஐ மூடியபோது ஹார்லன் தலையைச் சொறிந்தார். “பெயர் சரிதானே, அம்மா?”

“சரிதான்,” என்றாள் லொரெயின்.

ஹார்லன் பின்னறைக்குப் போய் இன்னும் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்தார். 1948 ஓகஸ்ட் பக்கத்தில் விரல் நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு புத்தகத்தை மெல்ல அவர்கள் பக்கம் திருப்பினார்.

குற்றஞ்சாட்டப்பட்டவர், லொரெயின் மே டொய்ல். குற்றச்சாட்டு, பராமரிப்பற்ற பிள்ளையாக இருந்தமை. சாட்டியவர், ஊர்க் கான்ஸ்டபிள். முடிவு, நிரூபணம், பதினெட்டு வயதுவரை அரச காவல். வயது, இரண்டு.

வரதராஜா அந்த இலக்கத்துக்கு முன்னால் வேறொரு இலக்கம் அழிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு நிமிரமுடியாமல் நின்றான்.

“அந்த நாளில் அப்படித்தான்,” என்றார் ஹார்லன். “தாய் நோயில் விழுந்தால், தகப்பன் விட்டுப்போனால், பிள்ளையை அரசாங்கம் எடுக்க வேண்டும். எடுக்க உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு வழக்கு வேண்டும். அதனால் பிள்ளைமேல் வழக்குப் போடுவார்கள்.”

“இரண்டு வயசுப் பிள்ளையிலையோ?” என்று கமலினி தமிழிலேயே கேட்டாள்.

லொரெயின் அந்த வரியில் நிற்கவில்லை. அவளுடைய கண் மேலும் கீழும் ஓடியது. அவளுக்கு மேல் வரியில் ரொனால்ட் டொய்ல், வயது ஐந்து. கீழ்வரியில் மார்கரெட் டொய்ல், வயது நான்கு மாதம். அதே நாள், அதே குற்றம், அதே முடிவு.

“இவர்கள் யார்?”

ஹார்லன் அவளை வியப்போடு பார்த்தார். “உங்கள் கூடப்பிறந்தவர்கள். உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு யாருமில்லை என்றுதான் சொன்னார்கள்.” கதிரை இழுக்கும் சத்தம் கேட்டது. கமலினி அவளை உட்காரவைத்துத் தோளில் கைவைத்திருந்தாள்.

வரதராஜாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தான். இதைப் பொலிஸ் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு வழி என்ன என்று கேட்டான். பதிவேட்டில் எழுதியதை யாராலும் அழிக்க முடியாது, ஆனால் வயதோடு கூடிய அத்தாட்சிப் பிரதி ஒன்றை இணைத்துப் பொலிஸ் ஆணையாளருக்கு எழுதலாம் என்றார் ஹார்லன். “நானும் ஒரு கடிதம் வைக்கிறேன்.”

“வேண்டாம்,” என்றாள் லொரெயின். “நீக்குகிறோம் என்று சொல்லி இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால்? இவர்கள் பெயர் வேறெங்கும் இல்லை.”

“கிழிக்க மாட்டார்கள், அம்மா.”

“அதை யார் சொல்வது? இரண்டு வயதில் என்னைக் குற்றவாளி என்று எழுதியவர்களா?”

கடைசியில் அவள் நிபந்தனை போட்டாள். மூன்று வரியும் உள்ள முழுப் பக்கத்துக்கும் பிரதி வேண்டும். அதைத் தன் கையில் வாங்கும்வரை ஆணையாளருக்கான விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கமாட்டாள். ஹார்லன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகாமல் உட்கார்ந்து தட்டச்சுச் செய்து முத்திரை குத்தினார். அவள் ஒவ்வொரு எழுத்தையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட்டாள்.

திரும்பும் வழியில் தேநீருக்கு நிறுத்தியபோது வரதராஜா, “நான் உங்களை நம்பியிருக்க வேண்டும். மன்னிக்க வேண்டும்,” என்றான்.

“நீங்கள் ஒரு குற்றவாளியைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள்,” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அவன் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து காரை எடுத்தான்.

திங்கட்கிழமை மேட்ரனிடம் பிரதியைக் காட்டினான். இரண்டு வருடத்துக்கு முன் தான் பெயர் அனுப்பாமல் விட்டதையும் சொன்னான். சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். மேட்ரன் வயது எழுதியிருந்த இடத்தை நெடுநேரம் பார்த்தாள். அவனுடைய கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது. லொரெயின் அடுத்த வாரமே குழந்தைகள் வார்டுக்குப் போனாள். பொலிஸ் பிரிவு பதினொரு வாரம் கழித்துப் பதில் அனுப்பியது. வேலை விசாரணைகளில் அந்த வழக்கை இனிக் காட்டுவதில்லை என்று ஒரே வரி. வருத்தம் என்ற சொல் அதில் எங்கும் இருக்கவில்லை.

ரொனால்டையும் மார்கரெட்டையும் தேடும் கடிதங்களை லொரெயின் கையாலேயே எழுதினாள். 1977 மார்ச்சில் ஒருநாள் பின்னேரம் அவள் ஊழியர் பிரிவுக்கு வந்தாள். மேசையில் ஒரு கடிதத்தை வைத்தாள். வடக்கே பண்ணையொன்றில் வேலி போடும் ரொனால்ட் எழுதியது. எனக்கு இரண்டு தங்கைகள் இருந்ததாக நினைவு இருக்கிறது, ஆனால் கனவாக இருக்குமென்று நினைத்தேன் என்றிருந்தது. மார்கரெட்டைப் பற்றி அவனுக்கும் தெரியவில்லை. கீழே இன்னொரு செய்தி. ரயில்வேயில் சேர மூன்று தரம் கேட்டும் குற்றப்பதிவு இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சின்ன வயதில் எதையோ திருடிவிட்டு மறந்துபோனேன் போலிருக்கிறது என்று எழுதியிருந்தான்.

வரதராஜா வாசித்து முடித்துத் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினான். “பொலிஸ் ஆணையாளருக்கு” என்று தொடங்கினான். லொரெயின் கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் என்ன அடிக்கிறான் என்பதை ஒவ்வொரு வரியாக வாசித்தபடி இருந்தாள்.