குள்ளச்சிக்குக் கிடைத்த அரை நிமிடம்

ஒரு வருடம் நச்சரித்த பிறகுதான் தம்பி சம்மதித்தான். வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு கச்சேரியில் மற்றவர்கள் எல்லோரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுவார்களாம். அக்கா மட்டும் அரை நிமிடம் தனியாக முரசு வாசிக்கலாமாம். அரை நிமிடம்தானா என்று யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் தள்ளிக்கொண்டு, கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காத இரைச்சலில் பிழைப்பை ஓட்டுகிறவள் அவள். அவளுக்கு அது கொஞ்சநஞ்சமில்லை.

கச்சேரி என்றதும் மேடை, மைக் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். வாளும் மந்திரமுமாக ஆயிரக்கணக்கானவர்கள் கூடி விளையாடும் ஆன்லைன் உலகம் அது. அரக்கனை வெட்டிச் சலித்தவர்கள் ஆளுக்கொரு வாத்தியத்தோடு நகரத்து நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்து வாசிப்பார்கள்; அரக்கனிடம் வெட்டுப்பட்டுச் சலித்தவர்கள் வந்து கேட்பார்கள். அங்கே தம்பி, காது நீண்ட வனதேவன், கையில் யாழ். எங்கோ வேறு ஊரில் பல் பிடுங்கும் டாக்டர் ஒருவர், குழல் ஊதும் சூனியக்காரி. அக்கா, தாடி வைத்த குள்ளச்சி. முரசு அவளைவிட உயரம். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் முரசில் ஓர் அடி விழும்.

புருஷன் விட்டுவிட்டுப் போன வருடம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை இதில் இழுத்துப் போட்டவனும் தம்பிதான். அதற்காக அவனுக்கு அவள் கோயில் கட்டாததுதான் பாக்கி. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அவளுக்கு இருந்தது. அவள் அறையில் வருவது மாடி வீட்டுக்காரர் புண்ணியத்தில் கிடைக்கும் நொண்டி நெட். தட்டுவது அவளுக்கு உடனே கேட்கும். மற்றவர்களுக்கு எப்போது போய்ச் சேருகிறதோ யார் கண்டது? தம்பியிடமே கேட்டாள். அதெல்லாம் கச்சிதமாக விழுகிறது, வீணாகக் குழப்பிக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டான். கூடப்பிறந்தவனே சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு?

சலவைக் கூடத்தில் விரிப்பு மடிக்கிறவளுக்கு ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர். உருளை இரைச்சலையும் மீறிக் கேட்கும் ஒரே தொண்டை அவளுடையது. அவளும் புதிதாக அந்த விளையாட்டில் இறங்கியிருந்தாள். தனி வாசிப்புக்கு முந்தைய வாரக் கச்சேரிக்கு வரும்படி அக்காதான் அழைத்தாள். ஆனால் தான் எந்த வாத்தியம் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு நீயே கண்டுபிடி, என் கை எதுவென்று தெரியாமலா போய்விடும் என்று ஒரு குறும்பு. பேசாமல் முரசு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"குழல் நீங்கதானேக்கா? அப்படியே உருகிட்டேன்."

அக்கா சிரித்துக்கொண்டே இல்லை என்றாள். யாழா என்றாள் ஸ்பீக்கர். அதுவும் இல்லை. மிச்சமிருந்த வாத்தியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள், முரசைத் தவிர. அதை ஏன் விட்டாய் என்று அக்கா கேட்டாள்.

"அது யாரோ பாவம்க்கா. நெட் சரியில்லையாம், அடியெல்லாம் தப்புத் தப்பா விழுமாம். புதுசா யாராவது போனா யாழ்க்காரர் தனியா மெசேஜ் போடுறார். உங்க பக்கத்துல குள்ளச்சி சத்தத்தை மட்டும் மியூட் பண்ணிட்டுக் கேளுங்க, அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனசொடிஞ்சு போயிடுவாங்கன்னு. கடைசியில அவங்களுக்குன்னு கைதட்டவும் சொல்றார். எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க."

அக்கா டிபன் டப்பாவை மூடி வைத்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, நேற்று உடம்பு சரியில்லை, நான் வாசிக்கவே வரவில்லை என்று ஒரு பொய்யைச் சொன்னாள். ஸ்பீக்கர் அதை நம்பி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க உருளைக்கு முன்னால் நின்றபடி மனசுக்குள் தம்பியோடு சண்டை போட்டாள். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அத்தனை பேர் நடுவில் ஊமை முரசை அடித்து அடித்துப் பூரித்திருக்கிறாள். அவர்களும் குழந்தையை ஏய்க்கிற மாதிரி கைதட்டியிருக்கிறார்கள். நாசமாய்ப் போக. அப்புறம் அவளே அவனுக்கு வக்காலத்தும் வாங்கினாள். வந்த கூட்டம் ஓடிவிடக் கூடாதே என்று செய்திருப்பான். மற்றவர்கள் காதை அடைத்தால் அடைத்துவிட்டுப் போகட்டும். அவன் அடைத்திருக்க மாட்டான். தப்போ சரியோ, அக்கா அடிப்பதை அவன் ஒருவனாவது கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். அது மட்டும் நிஜமாக இருந்துவிட்டால் மிச்சத்தையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

ஞாயிறு சாயங்காலம் நீரூற்றைச் சுற்றி நல்ல கூட்டம். ஹெட்போனில் தம்பி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான். வழக்கமான பாட்டுகளுக்கு அவளும் வழக்கம்போல் அடித்தாள். பிறகு எல்லோரும் வாத்தியத்தைக் கீழே வைத்தார்கள். அடுத்து எங்கள் அக்காவின் தனி என்று தம்பி பெருமையாக அறிவித்தான்.

வாசிக்கத் தயார் என்று விளையாட்டுக்கு ஒரு தடவை பட்டனை அழுத்திச் சொல்லிவிட்டால் திரையில் உருவம் தானாகவே கையை வீசிக்கொண்டிருக்கும். சத்தம் மட்டும் ஆள் பட்டனைத் தட்டினால்தான் வரும். குள்ளச்சி கையை வீச ஆரம்பித்தாள். அக்கா இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நீரூற்றுச் சலசலப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். நெட் போய்விட்டதா என்றாவது கேட்கலாம். கேளுடா, ஒரு வார்த்தை கேளுடா என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். மாடியில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அரை நிமிடம் முடிந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து கைதட்டியது.

"பின்னிட்டேக்கா," என்றான் தம்பி.

"உனக்குக் கேட்டுச்சாடா?"

"கேக்காம என்னக்கா? ஒரு அடி விடாம கேட்டேன்."