முப்பத்திரண்டு என்றது வாட்ச்

அக்கா, டைப் அடிக்கப் பொறுமை இல்லை, பேசியே அனுப்புகிறேன். அம்மாவுக்கும் அத்தானுக்கும் போட்டுக் காட்டு.

அத்தான் வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் வாட்ச் இரண்டு மாதமாக என் உயிரை வாங்கியது உங்களுக்கே தெரியும். ஆம்புலன்ஸ் உதவியாளர் வேலைக்கு நான் விண்ணப்பித்த அன்று, அது என் ஃபிட்னஸ் அளவை முப்பத்தாறு என்று காட்டியது. ஓட்டத் தேர்வில் தேறக் குறைந்தது நாற்பது வேண்டும் என்றார்கள். சரி, ஏற்றிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளும் வேலையை முன்பைவிட வேகமாகச் செய்தேன். முப்பத்தைந்தானது. லிஃப்டை விட்டுவிட்டு ராம்ப்பின் சரிவில் ஏறியே நோயாளிகளைத் தள்ளினேன். முப்பத்திரண்டு.

வாட்சின் ஆப்பில் அதைப் பார்த்துவிட்டு அத்தான் போன் செய்தார்.

"என்னம்மா, நாளுக்கு நாள் இறங்கிட்டே போகுது? என் தொப்பைக்கே முப்பத்தி நாலு காட்டுது."

"வாட்சுக்கு உங்க மேல பாசம் அத்தான்."

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்கயாவது மயங்கி விழுந்து வைக்காதடி. இருக்கிற வேலை போதும். பேரை வாபஸ் வாங்கிடு."

வாங்கிவிடுவதாகத்தான் இருந்தேன். மறுநாள் என்னோடு கட்டில் தள்ளியவர், எப்போது தேடினாலும் லிஃப்டுக்குள்ளேயே இருப்பதால் நாங்கள் 'லிஃப்ட்' என்று கூப்பிடுகிற அண்ணன். ராம்ப்பில் பாதி ஏறியபோது என் மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது.

"என்ன சொல்லுது உன் எஜமான்?" என்றார்.

"நான் வாக்கிங் போறேன்னு நினைச்சுப் பதிவு பண்ணுதுண்ணே."

சொன்ன பிறகுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். நாடித்துடிப்பு நூற்றைம்பத்தெட்டு. வேகமோ ஆமை வேகம். என் கையில் ஒரு கட்டிலும் அதன்மேல் ஒரு கனத்த மனிதரும் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? சும்மா நடப்பதற்கே இவளுக்கு இப்படி மூச்சு வாங்குகிறதே என்று மார்க்கைக் குறைத்திருக்கிறது. நான் எவ்வளவுக்கு உழைத்தேனோ அவ்வளவுக்குக் குறைத்திருக்கிறது.

கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கினார். "நான் ரொம்பக் கனமா இருக்கேனாம்மா?"

"உங்களை அது கணக்குலயே சேர்க்கலைங்க ஐயா."

"அப்ப வாட்ச் தப்பு. கவலையை விடு" என்றார் லிஃப்ட்.

"வாட்ச் தப்புன்னா நான் சரின்னு ஆயிடுமா?"

  அப்படிக் கேட்டாலும், கட்டிலைப் பார்க்கத் தெரியாத ஒன்றின் பேச்சைக் கேட்டுப் பேரை வாபஸ் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். அதனால்தான் உங்களிடம் சொல்லாமல் இன்று காலை தேர்வுக்குப் போனேன்.

பெரிய கூடம். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். அடுத்த பீப் சத்தத்துக்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். ஒரு நிமிடம் ஒரு சுற்று; சுற்றுக்குச் சுற்று பீப்களின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். எட்டுச் சுற்று முடித்தால் வேலை. வாட்ச்களைக் கழற்றி ஒரு தட்டில் போடச் சொன்னார்கள். பதினொரு பேர் நின்றோம்.

ஐந்தாவது சுற்றில் நான்கு பேர் ஒதுங்கினார்கள். தன் வாட்ச் ஐம்பது காட்டுவதாகக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் ஆறாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழாவதில் என் நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சல் எனக்குப் புதிதில்லை அக்கா, தினமும் ராம்ப்பின் நடுவில் வருவதுதான். அங்கே கட்டிலை விட்டால் ஆளோடு பின்னால் உருண்டுவிடும். அதனால் என் காலுக்கு அந்த இடத்தில் நிற்கிற பழக்கமே கிடையாது. இப்போது கையில் கட்டில்கூட இல்லை. பறந்தேன்.

"எட்டு முடிஞ்சிருச்சும்மா, நிக்கலாம்" என்றார் தேர்வு நடத்திய அதிகாரியம்மா.

"இன்னும் ஓடலாமாங்க?"

"ஓட முடிஞ்சா ஓடு, யாரு வேணாம்னா?"

பத்தையும் முடித்துவிட்டுத்தான் நின்றேன். கடைசியில் கூடத்தில் நான் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்த அதிகாரியம்மா தாளில் ஏதோ எழுதிவிட்டு, "பூட்ஸ் சைஸ் என்ன?" என்றார்.

"ஆறுங்க."

"திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஆம்புலன்ஸ் வண்டியில இருக்கணும்."

அவர்கள் கொடுத்த பூட்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பஸ் போய்விட்டது. இந்தச் சந்தோஷத்தை விட்டு எழுந்து ஏறவே மனசில்லை.