அரைச் சுத்து

"…நேரா உட்காரலைன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க வாயாலதானே சொன்னீங்க?"

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா பேசணும்? கண்ணாடிய கழட்டுனீங்க, தொடச்சீங்க, திரும்ப ஒழுங்கா மாட்டத் தெரியல. இப்ப அத கொண்டு போயி ஜெகா முன்னுக்கு வைக்கப் போறீங்க. வேற யாருக்காவது தள்ளுங்க. அவளுக்கு வேணாம்."

"பாத்துத்தானே வாங்கப் போறா? இருபத்துநாலு வருசம் மைக்ரோஸ்கோப்புல பாத்த கண்ணு அது. புடிச்சா எடுக்கட்டும், இல்லாட்டி விடட்டும். நீ வாய தொறக்காத, அவ்வளவுதான்."

ஜெகா நான்தான். முழுப் பேரு ஜெகதீஸ்வரி. அவங்க வீட்டு வாசல்ல ஒரு கால்ல செருப்போட, ஒரு கால்ல செருப்பில்லாம நின்னுக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுல கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு ரோட்ட அடைச்சிருந்தாங்க, அதனால காடிய தெரு முனையிலயே நிப்பாட்டிட்டு நடந்து வந்தேன். பினாங்கு பாலத்துல நெரிசல் இல்ல, சொன்ன நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னுக்கே வந்துட்டேன். குசினி சன்னல் வாசப்பக்கம்தான் தொறந்திருக்கும். என் கூட்டாளி லெட்சுமி பேசுனதும் கேட்டுச்சு, அவ புருசன் குகன் அண்ணன் பேசுனதும் கேட்டுச்சு. எனக்கு விக்க வச்சிருந்த லென்சுங்கள்ல எதுன்னு மட்டும் ரெண்டு பேருமே சொல்லல.

அப்புறம் நான் செஞ்சதச் சொன்னா சிரிப்பீங்க. கழட்டுன செருப்ப திரும்ப மாட்டிக்கிட்டு, சத்தம் போடாம காடி வரைக்கும் நடந்தேன். கதவ தொறந்து, அந்தத் தெருவுக்கே கேக்குற மாதிரி சாத்துனேன். திரும்ப வந்து கேட்ல நின்னு, "லெட்சு! ஏ லெட்சு!"ன்னு இப்பத்தான் வந்தவ மாதிரி கூப்பிட்டேன். அன்னிக்கு அந்த வீட்டுல முதல்ல நடிச்சது நான்தான். அத ஒத்துக்கிறேன்.

லெட்சுமி வந்து கேட்ட தொறந்தா. மொகம் சாதாரணமாத்தான் இருந்துச்சு. "பசியாறியாச்சாடி?"ன்னு கேட்டா. ஆச்சுன்னேன்.

லென்சு எதுக்குன்னு சொல்லிடுறேன். நான் க்யூசில தரம் பாக்குற வேலை செஞ்ச கிலாங்ல, அதான் ஃபேக்டரியில, ரெண்டு லைன மூடுனாங்க, நான் பணத்த வாங்கிக்கிட்டு வெளியாயிட்டேன். கே.எல்.ல இருக்கிற மக ஷர்மினி அவ பழைய கேமராவ எனக்குக் குடுத்தா. நல்ல கேமராதான், ஆனா அதுவே ஃபோக்கஸ் பண்ணிக்குது. நான் பூவ எடுக்க நெனச்சா அது பின்னால இருக்கிற வாளிய புடிக்குது. இருபத்துநாலு வருசம் மைக்ரோஸ்கோப்பு திருகாணிய திருகித் திருகிப் பழகுன கை சும்மா இருக்க மாட்டேங்குது. கையால திருகுற பழைய லென்சு, ஐம்பது எம்எம்மோ அதுக்குக் கிட்டவோ, கண்ணுக்குத் தெரியிற அளவுலயே படம் காட்டுறது, அது ஒண்ணு போதும்னு தோணுச்சு. லெட்சுமி வீட்டுக்காரர் புக்கிட் மெர்தாஜாம்ல பழைய கேமரா சாமான் வாங்கி வீட்டுலயே வச்சு விக்கிறவரு. வேற எங்க போவேன்?

"வாங்க வாங்க, க்யூசி மேடம்! உங்க கண்ணு எக்ஸ்ரே லா, பயமா இருக்கு"ன்னு குகன் அண்ணன் சிரிச்சாரு. மேசை மேல ஒரு துண்ட விரிச்சு மூணு லென்ச வரிசையா வச்சிருந்தாரு. ஜப்பான் ஐம்பது ஒண்ணு, ஜெர்மன் ஐம்பது ஒண்ணு, ரஷ்யா ஐம்பத்தெட்டு ஒண்ணு. மூணும் திருகி மாட்டுற வகைதான். நான் ஒன்லைன்ல வாங்கி வச்சிருந்த ஒரே அடாப்டர் மூணுக்கும் சேரும். அந்த வளையத்த கேமராவுல போட்டு, அதுமேல லென்ச திருகணும், அவ்வளவுதான்.

"மூணும் என் புள்ளைங்க மாதிரி. எத எடுத்தாலும் நஷ்டமில்ல."

மூணுல ஒரு புள்ளைக்கு உள்ள கோணல்னு எனக்குத் தெரியும். எதுன்னு தெரியாது. எப்படித் தெரியும்னும் சொல்ல முடியாது.

டார்ச்ச எடுத்து ஒவ்வொண்ணா உள்ள அடிச்சுப் பாத்தேன். நம்ம ஊரு ஈரத்துக்கு கண்ணாடி உள்ள சிலந்திக் கூடு மாதிரி பூஞ்சை புடிக்கும். மூணுலயும் இல்ல. வெளிச்சத்துக்குத் தொறந்து மூடுற தகடுங்கள்ல எண்ணெய் இல்ல. திருகுனா மூணும் மொழுமொழுன்னு ஓடுது. ஓரத்து வளையத்துல டூல் பட்ட கீறல் இருக்கான்னு பாத்தேன், மூணுலயும் இருந்துச்சு. நாப்பது வருச சாமான், எவனாவது ஒருத்தன் தொறந்திருப்பான். கண்ணாடி ஒரு மயிரிழை சாஞ்சு உட்கார்ந்திருந்தா டார்ச்சு காட்டாது.

அதனால சாமான விட்டுட்டு ஆள பாக்க ஆரம்பிச்சேன். ஜப்பான் லென்ச குகன் அண்ணன் ரெண்டு தடவ தொடச்சாரு. ஏன் ரெண்டு தடவ? ரஷ்யாவப் பத்தி நிறுத்தாம பேசுனாரு, பின்னால வட்டம் வட்டமா சுழலும், அந்த மாதிரி இந்தக் காலத்து லென்சுல வராதுன்னு. ஏன் இவ்வளவு பேச்சு? ஜெர்மனப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. ஏன் சொல்லல? இப்படி மூணுமே கெட்டதா தெரிஞ்சுது.

லெட்சுமி தேத்தண்ணி கொண்டாந்து வச்சுட்டு எதுத்தாப்புல உட்கார்ந்தா. பத்தொம்பது வருசம் எனக்குப் பக்கத்து மைக்ரோஸ்கோப்பு அவளுது. ஒரு தடவ நாங்க சோதிச்சு அனுப்புற தட்டு ஒண்ணு கஸ்டமர்கிட்ட இருந்து திரும்பி வந்துச்சு, கீறலோட, பாத்தாச்சுன்னு அடிக்கிற என் முத்திரையோட. நான் விட்டதுதான். சூப்பர்வைசர் கூப்பிட்டப்ப இவ எந்திரிச்சு, அந்தத் தட்ட நான்தான் பாத்தேன், அவ முத்திரைய தெரியாம எடுத்து அடிச்சுட்டேன்னா. வார்னிங் லெட்டர் அவளுக்குப் போச்சு. ஏன்டி அப்படிச் சொன்னேன்னு கேட்டேன். "உனக்கு ஏற்கனவே ரெண்டு இருக்கு. மூணாவது வந்தா வீட்டுக்கு அனுப்பிருவான். எனக்கு இதுதான் முதல்"ன்னா. அதோட அந்தப் பேச்ச விட்டுட்டா. அப்படிப்பட்டவ இப்ப புருசன் முன்னுக்கு என்னா செய்வான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

"லெட்சு, அசையாம உட்காரு. உன்னைய எடுத்துப் பாக்குறேன்."

"என் மொகத்த எடுத்தா நல்ல லென்சும் ஒடஞ்சுரும்டி."

மூணு லென்சையும் மாத்தி மாத்தி மாட்டி அவளையே எடுத்தேன். முதல் படம் ஜப்பான், சிரிக்கிறா. ரெண்டாவது ஜெர்மன், நேரா என்னையப் பாக்குறா. மூணாவது ரஷ்யா, கப்பப் பாத்துக் குனிஞ்சிருக்கா. கேமரா திரையில பெருசாக்கிப் பாத்தேன். கண்ணு எமை கூர்மையா இருக்கான்னு பாக்குற மாதிரித்தான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பாத்தது அத இல்ல.

அந்நேரம் பந்தல்காரன் வந்து, குகன் அண்ணன் மோட்டா சைக்கிள நவுத்தச் சொல்லிக் கூப்பிட்டான். அவரு வெளிய போனாரு. ரெண்டு நிமிசம் இருக்கும். அந்த வீட்டுக்குள்ள நானும் அவளும் மட்டும்தான். இப்பச் சொல்லுவா, ஒரு விரல காட்டுனா போதும், நான் புரிஞ்சுக்குவேன்னு அவளையே பாத்தேன்.

"ஷர்மினி எப்ப வர்றா?"ன்னு கேட்டா.

"தீபாவளிக்கு."

"மெலிஞ்சுட்டாளா?"

"அப்படியேதான் இருக்கா."

வெளிய மோட்டா ஸ்டார்ட்டாகுற சத்தம், அப்புறம் நிக்கிற சத்தம். குகன் அண்ணன் கைய தொடச்சுக்கிட்டே வந்துட்டாரு. "என்னா மேடம், முடிவாச்சா? இல்ல லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் எடுக்கணுமா?"

"எனக்கு ஒண்ணும் புரியல அண்ணே. லெட்சுவே ஒண்ண எடுத்துக் குடுக்கட்டும்"னு சொல்லிட்டேன்.

"இவளா? இவளுக்கு என்னா தெரியும் லா? இவ வாங்குற கத்திரிக்காயிலயே புழு இருக்கும்."

லெட்சுமி சிரிக்கல. எந்திரிச்சு வந்தா. ரெண்டு கையையும் கைலியில தொடச்சா. லென்ச பாக்கவே இல்ல, அவரையும் பாக்கல. சாமி தட்டுலேர்ந்து திருநீறு எடுக்குற மாதிரி சட்டுன்னு ஒண்ண எடுத்து என் கையில வச்சு, என் விரல அதுமேல மடக்கி ஒரு அழுத்து அழுத்துனா. ஜெர்மன்.

"அதுவா?"ன்னாரு குகன் அண்ணன். அவ்வளவுதான் சொன்னாரு. நான் பேரம் பேசவே இல்ல, அவரே வெலையில அம்பது வெள்ளி கொறச்சுக்கிட்டாரு. "கூட்டாளிக்கு இது கூட செய்யாட்டி எப்படி?"

அந்த அழுத்துக்கு என்னா அர்த்தம்? பயப்படாதடின்னா, மன்னிச்சுருடின்னா? அம்பது வெள்ளிய அவரு எதுக்குக் கொறச்சாரு? பாலத்த தாண்டி கெலுகோர்ல என் வீட்டுக்கு வர்ற வரைக்கும் இதேதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழம. கடை தொறக்குறதுக்கு முன்னுக்கே ஜார்ஜ்டவுன் போனேன். லெபோ பாசார் தெருவுல ஒரு பழைய கடையோட மடக்கு இரும்புக் கதவு, ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே சீரா கம்பி. லென்ச முழுசா தொறந்து வச்சு, நேரா நின்னு, மூச்ச புடிச்சு எடுத்தேன். நம்பிப் பாருங்க, கை திருகி அந்தத் துரு தெளிவா வர்ற அந்த எடத்துல எனக்கு அவ்வளவு சந்தோசம். வீட்டுக்கு வந்து லேப்டாப்புல போட்டேன். எடப்பக்கம் துருவக் கூட எண்ணலாம். நடுவுல அருமை. வலப்பக்கம் மூணுல ஒரு பங்கு, எண்ணெய் பட்ட பெருவிரலால தேச்ச மாதிரி மங்கல். பத்து படம் எடுத்திருந்தேன், பத்துலயும் வலப்பக்கம்.

அப்ப இதுதான் அந்தக் கோணல் லென்சுன்னு லேப்டாப்ப மூடிட்டேன்.

அப்புறம்தான் அடாப்டர் ஞாபகம் வந்துச்சு. அது மலிவு சாமான். அந்த வளையம் ஒரு பக்கம் கொஞ்சம் தடிச்சிருந்தாலும் லென்சு சாஞ்சு நிக்கும், இதே மங்கல்தான் வரும். அவங்க வீட்டுல மூணு லென்சையும் ஒரே செவுத்துக்கு நேரா வச்சு எடுத்திருந்தேன்னா இந்தக் கேள்வியே இல்ல. செவுத்துல பெரிய காலண்டர் வேற தொங்குச்சு. நான் எடுத்தது லெட்சுமி மொகத்த, மூணுலயும் நடுவுல. ஓரத்துல வெறும் இருட்டுச் செவுரு. இருபத்துநாலு வருசம் க்யூசில இருந்தவ, சாமான சோதிக்காம கூட்டாளிய சோதிச்சுட்டு வந்திருக்கேன்.

ரெண்டாவது படத்த திரும்பத் திரும்பப் பாத்தேன். நேரா பாக்குறா. மறைக்க ஒண்ணுமில்லாதவதான் அப்படிப் பாப்பான்னு ஒரு நேரம் தோணுது. அன்னிக்கு சூப்பர்வைசர்கிட்ட பொய் சொன்னப்பவும் இப்படித்தான் நேரா பாத்தான்னு இன்னொரு நேரம் தோணுது.

ஷர்மினிக்கு ஃபோன் போட்டேன். "அம்மா, ஆன்ட்டிகிட்டயே கேட்டுத் தொலையேன்"ன்னா.

"என்னான்னு கேக்குறது? வாசல்ல நின்னு ஒட்டுக் கேட்டேன்னா?"

"கேட்டுச்சுன்னு சொல்லு. நீயா காத கொண்டு போயி வச்ச?"

"திரும்பப் போயி காடிக் கதவ சாத்துனேனே."

அவளுக்கு அது புரியல. புரியிற வயசும் இல்ல.

நம்ம பினாங்கு பழைய லென்சு குரூப்புல படத்தப் போட்டு, யாரு வித்தாங்கன்னு சொல்லாம, ஏன் இப்படி வருதுன்னு மட்டும் கேட்டேன். அஸ்லான்னு ஒரு தம்பி பதில் போட்டாரு. "அக்கா, ரொம்ப சிம்பள் லா. இது திருகுற லென்சுதானே? அரைச் சுத்து லூஸ் பண்ணுங்க, லென்சு மட்டும் தலைகீழா திரும்பும், அடாப்டர் அசையாது. ஃபோக்கஸ சரி பண்ணிக்கிட்டு அதே செவுத்த திரும்ப எடுங்க. மங்கல் எடப்பக்கம் தாவுச்சுன்னா கோளாறு லென்சுல. வலப்பக்கமே நின்னுச்சுன்னா அடாப்டர்ல. ஒரு நிமிசம் கூட ஆகாது."

ரொம்ப நன்றி தம்பின்னு எழுதுனேன். அது நடந்து பன்னெண்டு நாளாச்சு.

லெட்சுமிகிட்ட இருந்து வாட்ஸாப் வந்துக்கிட்டே இருக்கு. முதல்ல "லென்சு எப்படி?". ரெண்டு நாள் கழிச்சு "படம் அனுப்புடி, பாக்குறேன்". அதுக்கப்புறம் ஒரு நாள் வெறும் கேள்விக்குறி மட்டும். நேத்து "உடம்பு சரியில்லையா?". எல்லாத்துலயும் நீல டிக்கு விழுந்திருச்சு. நான் படிச்சேன்னு அவளுக்குத் தெரியும். இத்தன தடவ எதுக்குக் கேக்குறா? நல்லத குடுத்தவ, அது நல்லாருக்குன்னு என் வாயால கேக்க ஆசப்படுறாளா? இல்ல கெட்டத குடுத்தவ, நான் கண்டுபுடிச்சுட்டேனான்னு பாக்குறாளா?

மங்கல் எடப்பக்கம் தாவுச்சுன்னா, மூணுல கோணலானத தெரிஞ்சே எடுத்து என் கையில வச்சவ அவ. வலப்பக்கமே நின்னுச்சுன்னா, புருசன் முன்னுக்கே எனக்கு நல்லத எடுத்துக் குடுத்தவள நான் பன்னெண்டு நாளா பதில் போடாம நிக்க வச்சிருக்கேன். ரெண்டுல எது எனக்குத் தாங்கும்னு தெரியல.

இன்னிக்குக் காலையில பால்கனியில ஸ்டாண்டப் போட்டு கேமராவ வச்சேன். எதுத்த புளோக்கு நேரா தெரியும், மாடிக்கு மாடி ஒரே மாதிரி சன்னலு, கொடியில துணி. ஒரு படம் எடுத்தேன். அப்புறம் லென்ச புடிச்சு திருகுனேன். முதல்ல இறுக்கமா இருந்துச்சு, அப்புறம் விட்டுக் குடுத்துச்சு. கால் சுத்து வந்துச்சு. அதுக்கு மேல கை போகல. இத எழுதுற இந்த நேரமும் அது அங்கதான் நிக்குது, முழுசா மாட்டாம, முழுசா கழட்டாம, திரையில எதுத்த புளோக்கு சன்னலெல்லாம் கலங்கிப் போயி.

படிச்சவங்க தயவு செஞ்சு கீழ எழுதுங்க. லென்ச பத்தி இல்ல, அது அஸ்லான் தம்பி சொல்லிட்டாரு. நீங்க என் எடத்துல இருந்தா மிச்சம் கால் சுத்த திருகுவீங்களா, இல்ல திரும்ப இறுக்கிட்டு லெட்சுமிக்கு "நல்லா வருதுடி"ன்னு போடுவீங்களா? சும்மா படிச்சுட்டுப் போயிடாதீங்க. ஒரு வரி போதும், எழுதுங்க.