பட்டணத்தோடு சேர்ந்த லயம்

மலேசியாவின் ஈப்போவில், அரசாங்கத்துக்கு வரைபடம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் விமலாவுக்கு வேலை. எது நகரம், எது பட்டணம், எது கிராமம் என்று ஊர்களைத் தரம் பிரித்துக் கணினியில் குறிப்பாள். சுங்கை சிப்புட் வட்டாரத்துப் படம் அவள் மேசைக்கு வந்தது. அவள் பிறந்த லயமும், எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த வரிசை வீடுகளும், அதற்குள்தான் இருந்தது.

எஸ்டேட் மூடி வெகுகாலமாகிவிட்டது. அண்ணன் பத்துமலை மட்டும் அங்கேயே மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறான். போன வருடம் அண்ணி கருப்பம்மாளுக்கு மூச்சு முட்டியபோது, வழி தெரியாமல் ஆம்புலன்ஸ் எங்கெங்கோ சுற்றியது. படத்தில் லயமே இல்லை. “இந்தத் தடவையாச்சும் போட்டுரு விமலா” என்று அண்ணன் பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

போடுவதற்கு விதி இருந்தது. கிராமம் என்றால் இருபது வீடாவது வேண்டும். ஆள் இருக்கும் வீடு பதினாலுதான். குறைந்தால் பெயரும் வராது, பாதையும் வராது. பின்னால் எழும்பிய புதுத் தாமானோடு, அந்தக் குடியிருப்பு வீடுகளோடு, சேர்த்தால் பாதை வரும்; ஆனால் லயம் பட்டணமாகிவிடும். பட்டணத்துக்குள் மாடு வளர்க்க நகராட்சி விடாது.

மேலாளர் விஸ்வநாதன் நல்ல மனிதர்தான். “புரியுது விமலா. ஒரு எடத்துக்கு விதிய வளைச்சா எல்லா எடத்துக்கும் வளைக்கணும். இன்னிக்கி அனுப்பியாகணும்லா” என்றார்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“கிராமம், கம்போங்னு போட்டுரேன்லா” என்றான் அவன்.

“வீடு பத்தலண்ணே.”

“பூட்டிக் கெடக்கறதையும் எண்ணு.”

“அதுல கூரையே இல்லண்ணே, மேலேர்ந்து எடுத்த படத்துல தெரியுது. பட்டணம்னு போட்டா பாதை வரும். மாடு வைக்க விட மாட்டாங்க.”

“அப்ப போடாத.”

“அண்ணிக்கு மறுபடி வந்தா?”

“எப்படிப் பார்த்தாலும் நான்தான் மாட்டிக்கிறேன்” என்று போனை வைத்துவிட்டான்.

விமலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடலாம் என்றாலும் வேறொருத்தர் உட்கார்ந்து லயத்தைப் போடாமலே விட்டுவிடுவார். கடைசியில் ‘பட்டணம்’ என்று அழுத்தினாள்.

சில மாதங்கள் கழித்து, புதுப் படத்தைக் காட்டி மாடுகளை அகற்றச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே போனபோது, லயத்து வாசலில் மாடு ஏற்ற லோரி நின்றது.

“நான் மூச்சு விட அவரு மாட்ட விக்கணுமா?” என்றாள் கருப்பம்மாள். “என்னைய ஒரு வார்த்த கேட்டியா நீ?”

அண்ணியைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு விமலாவுக்குத் தோன்றவே இல்லை.

மாடுகளை ஏற்றி முடித்ததும் பத்துமலை அவள் முகத்தைப் பார்க்காமல், “ஒன் காடிய எடு. லோரி திரும்பணும்” என்றான்.

எடுத்து ஒதுக்கினாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் லோரிக்குப் பின்னாலேயே கிளம்பினாள். பாதை குறுகல்; முந்திப் போக இடமில்லை. கம்பிகளுக்கு நடுவே மாடுகள் அவளையே பார்த்துக்கொண்டு வர, சுங்கை சிப்புட் வரைக்கும் ஊர்ந்துகொண்டே போனாள்.