மண் சூடாக வந்தது

சனிக்கிழமை மத்தியானம், மாவு மில்லில் ஆள் இல்லாத நேரத்தில் என் கணவன் சூர்யபிரகாஷ் போன் செய்தான். நாங்கள் இருவரும் படித்த பாலிடெக்னிக்கில் அவனுக்குப் பாராட்டு விழா வைக்கிறார்களாம். அடுத்த வெள்ளிக்கிழமை. அவன் கம்பெனி ஆட்களும் வருகிறார்கள், அங்கேயே வைத்து வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள்.

"கண்ட்ரோல் ரூமுக்கு நாலு பேர் வேணுமாம். டிப்ளமோ மெக்கானிக்கல் போதும், முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் எடுப்பாங்க. எக்ஸ்பீரியன்ஸ் வேணாம். ஒன் தம்பி அய்யப்பன் சும்மாதானே சுத்திக்கிட்டிருக்கான், வரச் சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ. எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் என்னுடையது. இந்த மூன்றும் அவனுக்குத் தெரியும். வேண்டுமென்றே என்னை விட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவனுக்கு நினைவுக்கே வரவில்லை. போனை வைத்த பிறகு மில்லின் பெல்ட்டை மாட்டி வெறுமனே கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். சத்தம் வேண்டியிருந்தது.

அய்யப்பனிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

சூர்யா ஓட்டுவது சுரங்கம் தோண்டும் இயந்திரம். வடக்கே ஒரு பெரிய நகரத்தின் அடியில் ரயில் போவதற்காக. இருபதடி உயரத்துக்கு மேல் வட்டமான இரும்பு முகம், அதற்குப் பின்னால் ஒரு தெரு நீளத்துக்கு வால். முகம் சுழன்று மண்ணை வெட்டும். வெட்டிப் போன இடத்தில் பின்னாலேயே கான்கிரீட் வளையங்களை, அவர்கள் பாஷையில் ரிங், சுவராகப் பொருத்திக்கொண்டே வரும். வெட்டிய மண்ணையே முன்னறையில் அடைத்து வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் பூமி சரிந்துவிடாமல் அந்த மண்ணாலேயே முட்டுக் கொடுக்கும். உள்ளே வருகிற அளவுக்குத்தான் வெளியே விட வேண்டும். அதிகமாக விட்டால் மேலே சாலை உள்வாங்கும். குறைவாக விட்டால் இயந்திரம் நகராது. மேலே பால்காரர் போகிறார், பள்ளிக்கூட வேன் போகிறது, அவர்களுக்கு எதுவும் தெரியாது. மனிதர்கள் கண்டுபிடித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மண்ணை வைத்தே மண்ணைத் தாங்குவது. இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.

அவனுடைய இன்டர்வியூவுக்கு முதல் நாள் இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்கள் மகள் அப்போது கைக்குழந்தை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, மில்லின் பில் புத்தகத்துக்குப் பின்பக்கம் படம் வரைந்து விளக்கினேன். மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் சொன்னேன்.

அந்த இயந்திரத்துக்கு ஆவணங்களில் ஒரு நம்பர்தான். உள்ளே வேலை செய்கிறவர்கள் காத்தாயி என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் பக்கத்து எலெக்ட்ரீஷியன் நல்லதம்பியின் குலசாமி பெயர். இந்த இயந்திரங்களுக்குப் பெண் பெயர்தான் வைக்க வேண்டுமாம், உலகம் முழுக்க அப்படித்தானாம். "இன்னிக்கு காத்தாயி பத்து ரிங் போட்டா", "நேத்தெல்லாம் ஒரே மொரண்டு" என்று அவன் போனில் சொல்வதை மில்லுக்கு வருகிறவர்கள் கேட்டுவிடுவார்கள்.

"ஒனக்குச் சக்களத்தி வந்துட்டாடி பிரகதி" என்பார் உண்ணாமலை அக்கா. திருக்கோகர்ணத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவர், வாரம் இரண்டு முறையாவது அரிசியோடு வருவார். "இரும்புன்னாலும் பொம்பள பொம்பளதான். சூதானமா இருந்துக்க."

நானும் சிரிப்பேன். உள்ளே எரியும். அவர்கள் சொல்வதுதான் உண்மை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கணவன் தூரத்தில் இருக்கிறான், அவனை ஓர் இயந்திரம் பிடித்துவைத்திருக்கிறது, அதனால் எனக்குக் கோபம். இப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ஏங்குகிற மனைவிக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு.

உண்மை வேறு என்று எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

போன ஆவணி மாதம். உண்ணாமலை அக்கா இடியாப்ப மாவுக்கு அரிசி கொண்டுவந்திருந்தார். போட்ட கொஞ்ச நேரத்தில் மில் திணறியது. மில் வாயில் கையை வைத்தேன், மாவு சுட்டது.

"அக்கா, ஈர அரிசியைக் கொண்டாந்துட்டீங்க."

"ஏத்தா, நேத்தே காயப்போட்டேனே. ஒன் மிஷினு கெழடாயிருச்சு, அதச் சொல்லு."

"கையை வச்சுப் பாருங்க. அடுப்புலேருந்து எறக்குன மாதிரி இருக்கு. கல்லுல அப்பிக்கிச்சு. இனிமே அரைபடாது, மாவை மாவே தேச்சுக்கிட்டு கெடக்கும்."

மில்லை நிறுத்திக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் சூர்யாவின் போன். குரலே சரியில்லை. இரண்டு நாளாகக் காத்தாயி நகரவில்லை. முன்னால் பாறை வந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இன்னும் அழுத்தித் தள்ளச் சொல்கிறார்கள்.

"வெளிய வர்ற மண்ணைத் தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன். கை முழுக்க மாவு. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தேன்.

"கட்டி கட்டியா வருது. கொதிக்குது. எதுக்கு?"

"அப்பத் தள்ளாத. பாறை இல்ல. களிமண்ணு மொகத்துல அப்பிக்கிச்சு. இன்னும் தள்ளினா உருளை எல்லாம் போயிரும். தெறந்து பாக்கச் சொல்லு."

"சொல்லிப் பாக்குறேன்" என்றான். பிறகு வைத்துவிட்டான்.

திறந்து பார்த்தார்கள். முகம் முழுக்கக் களிமண் செங்கல் மாதிரி வெந்து ஒட்டியிருந்தது. பாறையின் மேல் உருண்டு போகவேண்டிய இரும்பு உருளைகளில் பதினோரு உருளைகள் சிக்கி, உருளாமல் தேய்ந்து, ஒரு பக்கம் சப்பையாகியிருந்தன. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் சுழலும் அச்சே கெட்டிருக்கும், அதைப் பூமிக்கடியில் வைத்து மாற்றவே முடியாது என்றார்கள். அவன் பெயர் தலைமை அலுவலகம் வரை போனது. ஆறே மாதத்தில் சீனியர் ஆபரேட்டர். அடுத்து கடலோரம் ஒரு சாலைச் சுரங்கம், இதைப்போல இரண்டு மடங்கு முகம் உள்ள இயந்திரம், அதுவும் அவனுக்குத்தான்.

சீனியர் ஆனதை அவன் போனில் சொன்ன சாயங்காலம் நான் சந்தோஷப்பட்டேன். பொய்யில்லை. ஆனால் சந்தோஷம் தீர்ந்த இடத்தில் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அவனை அந்த இயந்திரம் வைத்திருப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. அந்த இயந்திரத்தை அவன் வைத்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பார்க்காத மண்ணை அவன் பார்க்கிறான். என் வாயிலிருந்து போன வார்த்தை அவன் கையில் போய் அனுபவமாகிவிட்டது. கூடப் படுத்து எழுந்தவன்மேல், என் மகளின் அப்பாமேல், வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரன்மேல் படுகிற பொறாமை. யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

விழாவுக்கு அவன் வியாழக்கிழமையே வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு இலுப்பூர் போகிற பஸ்ஸில் ஏறினோம். பாலிடெக்னிக் கேட்டில் அவன் படம் போட்ட பிளெக்ஸ். மஞ்சள் ஹெல்மெட், பின்னால் காத்தாயியின் முகம்.

"கறுப்பா விழுந்திருக்கேன்ல?" என்றான்.

"இருக்கிற நெறந்தாங்க விழும்" என்றேன். பக்கத்தில் வாத்தியார்கள் நின்றதால் 'ங்க' போட்டேன். வெளியிடத்தில் எப்போதும் அப்படித்தான். இதே காம்பவுண்டுக்குள் மூன்று வருஷம் அவனை 'டா' போட்டவள் நான்.

பையில் என்னுடைய சர்டிபிகேட்கள் இருந்தன. குடை எடுக்கிற மாதிரி எடுத்து வைத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் வரிசையில் குடும்பத்தாருக்கு என்று ஒதுக்கிய நாற்காலியில் என்னை உட்காரவைத்து, அவனுக்குக் கொடுத்த பூச்செண்டை என் மடியில் வைத்தார்கள். அவன் நன்றாகப் பேசினான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திணறுவான் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. களிமண் ஒட்டிய கதைக்கு வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தினான்.

"உண்மையைச் சொல்லணும்னா, அத நான் கண்டுபிடிக்கல. அந்தா ஒக்காந்திருக்காங்களே, என் வீட்டுக்காரங்க, அவங்கதான் போன்ல சொன்னாங்க. மண்ணு சூடா வந்தா தள்ளாதன்னு."

அரங்கமே சிரித்தது. கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த பேராசிரியை என் கையைத் தட்டி, "எவ்ளோ நல்ல மனசு பாருங்க. இந்தக் காலத்துல யாரு இப்படிப் பொண்டாட்டிய விட்டுக்கொடுக்காம பேசுறா?" என்றார்.

அவன் உள்ளதைத்தான் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. மனைவியைப் பெருமைப்படுத்துகிற நல்ல கணவன் என்று அதுவும் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. இனிமேல் என் பெயரைச் சொல்லவில்லையே என்று குறைப்படக்கூட எனக்கு வழியில்லை.

அப்போது கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். இலக்கியா, செகண்ட் இயர் என்றாள். மைக் அவளிடம் போனது.

"சார், பாறைய ஒரசினாலும் சூடு வரும்தானே? மண்ணு சூடா வந்தா அது பாறை இல்ல, களிமண்ணுதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

நல்ல கேள்வி. அவன் கண் நேராக என்னிடம் வந்தது.

எனக்குப் பதில் தெரியும். பாறையில் உருளை உருண்டால் பாறை சில்லு சில்லாக உடையும், சூடு அந்த இடத்திலேயே, முகத்தில் பீச்சுகிற தண்ணீரோடு போய்விடும். களிமண் அப்பிக்கொண்டால் வெட்டுவதற்குப் போகவேண்டிய சக்தி முழுவதும் தேய்ப்பதற்குப் போகிறது. எதுவும் வெட்டுப்படாது, எல்லாம் வேகும். மூன்று வாக்கியம். எழுந்து சொல்லியிருக்கலாம். மைக்கூடத் தேவையில்லை.

நான் குனிந்து பூச்செண்டின் ரிப்பனைச் சரிசெய்தேன்.

"அது... அனுபவத்துல தெரிஞ்சிரும்மா" என்றான் சூர்யா. அதற்கும் கைதட்டல். அவன் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பெண் உட்காரும்போது உதட்டைச் சுழித்ததையும் பார்த்தேன். பதில் கிடைக்காதவர்கள் உட்காருகிற விதம் அது. அவனைத் தவிக்கவிடுகிறேன் என்று நினைத்து நான் அவளைத் தவிக்கவிட்டிருந்தேன். தெரிந்திருந்தும் வாயைத் திறக்காமல் குனிந்துகொள்கிறவள். இத்தனை வருஷப் பொறாமை என்னை இப்படி ஆக்கி வைத்திருக்கிறது என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவளைத் தேடினேன். காணவில்லை. வராந்தாவில் கம்பெனி ஆட்கள் மேஜை போட்டிருந்தார்கள். நிலவழகன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க மேடம். தம்பிக்குத்தானே? சார் சொன்னாரு. ஆள் வந்திருக்காரா?"

"தம்பி வரல. எனக்கு ஒரு ஃபார்ம் குடுங்க."

அவர் சிரிக்கப் போய், நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "படிப்பு?"

"மெக்கானிக்கல். இதே காலேஜ். ரெண்டாயிரத்துப் பதிமூணு." சர்டிபிகேட்களை மேஜையில் வைத்தேன்.

மதிப்பெண் பட்டியலை அவர் ஒரு முறை பார்த்தார், பிறகு மறுபடியும் பார்த்தார். "கேப் நெறைய இருக்கே மேடம்."

"இருக்கு."

"ரெண்டு மணிக்கு ரிட்டன் டெஸ்ட். ட்ராயிங் ஹால்."

ஃபார்ம் பாதி எழுதும்போது பின்னால் சூர்யாவின் குரல். "அய்யப்பன் எங்க? லேட்டாக்குறானா?"

"அவன்கிட்ட நான் சொல்லவே இல்ல."

அவனுக்குப் புரிய நேரமானது. ஃபார்மைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஏய், நெசமாவா?" என்றான். பிறகு நிலவழகனுக்குக் கேட்காமல், "அது சும்மா ஏசி ரூம்ல ஒக்காந்து ஸ்கிரீன்ல நம்பர் பாக்குற வேலை, பிரகதி. மேல ஒக்காந்துக்கிட்டு, கீழ ஆபரேட்டர் என்ன பண்றான், எங்க அழுத்தம் ஏத்துறான், எல்லாத்தையும் நோட் பண்ணணும். தப்புன்னா போன் போட்டு நிறுத்தச் சொல்லணும்."

"தெரியும்."

"அப்ப நான் தப்பா ஓட்டினா ஒனக்குத் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சிரும்."

அவன் சிரித்தான். வாய் சிரித்து முடித்த பிறகும் கண் ஃபார்மிலேயே நின்றது.

"பாப்பாவுக்கு ஸ்கூல்?" என்றான்.

"அங்கயும் ஸ்கூல் இருக்கும். கெடைச்சா ரெண்டு பேரும் ஒக்காந்து பேசுவோம்."

"கெடைச்சா" என்று அவனும் சொன்னான். கிடைக்க வேண்டும் என்கிறானா, கிடைக்கக்கூடாது என்கிறானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பூச்செண்டையும் ஹேண்ட்பேக்கையும் அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

ட்ராயிங் ஹாலில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோருக்கும் இருபது வயது இருக்கும். பக்கத்துப் பையன் என்னைச் சூப்பர்வைசர் என்று நினைத்து எழுந்து நின்றான். "ஒக்காருங்க தம்பி, நானும் எழுதத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

வினாத்தாள் வரும் வரை ஜன்னல் பக்கம் பார்த்தேன். சூர்யா வெளியே நின்றுகொண்டிருந்தான். கையில் பூச்செண்டு, தோளில் என் ஹேண்ட்பேக். மாணவர்கள் இரண்டு பேர் செல்ஃபி கேட்டார்கள், நின்றான். ஆனால் கேமராவைப் பார்க்கவில்லை, என் மேஜையைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எங்கே தொடங்கும், இரவில் எப்படிப் புரளவைக்கும், அதைப் பிறரிடம் சொல்ல முடியாமல் எப்படிச் சிரிக்கவைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பாவமாகக்கூட இருந்தது. இது ஒன்றும் பெரிய விஷயமில்லை, வெறும் டெஸ்ட்தான், கிடைக்காமலும் போகலாம் என்று கையை அசைத்து அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

தாள் வந்தது. குனிந்து முதல் கேள்வியைப் படித்தேன்.